கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பிள்ளை

1

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் மகள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள். தென்காசியில் எங்கள் வீட்டு ஹாலில் மேஜை முன்னால் உட்கார்ந்து இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். குற்றாலத்தில் மெயின் அருவிக்கு எதிரே நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டும் இருந்தாள். இரண்டையும் நான் சார்ஜாவில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி என் ஃபோனில் பார்த்தேன்.

இந்த வலைப்பூவை ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. வாசித்தவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் நன்றி சொல்லி ஒரு பதிவு போடலாம் என்று பாதி எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டேன். நன்றி சொல்கிற மனநிலையில் நான் இல்லை. வியாழக்கிழமை பிடித்த படபடப்பு இன்னும் போகவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். என் பேச்சைக் கேட்டு வீட்டில் கேமரா மாட்டியவர்கள் உங்களில் பல பேர் இருக்கிறீர்கள்.

2

புதிதாக வருகிறவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் இங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். கல்யாணமான மறு வருடம் விமானம் ஏறியவன். மனைவி ஜன்னத், என் மாமி மகள்தான், தென்காசியில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, சுமையா. பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. அவள் நடந்தது, பல் விழுந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாவற்றையும் நான் ஃபோனில்தான் பார்த்தேன். ஆனாலும் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒளிவுமறைவு கிடையாது, என் பிள்ளை என் கைக்குள் இருக்கிறாள் என்பதுதான் இங்கே என்னுடைய ஒரே பெருமை. அது இல்லையென்று ஆனால் இத்தனை வருடம் இந்த வெயிலில் எதற்குக் கிடந்தாய் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

போன தடவை ஊருக்கு வந்தபோது பெட்டியில் ஒரு கேமராவும் கொண்டுவந்தேன். வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் இப்போது இன்வெர்ட்டர் மாதிரி அதுவும் ஒரு சாமானாகிவிட்டது. முதலில் திருடனுக்குப் பயந்து வாசலில் வைத்தார்கள். பிறகு காருக்காகப் போர்டிகோவில் வைத்தார்கள். இப்போது பிள்ளைகளுக்காக ஹாலுக்குள் வைக்கிறோம்.

எங்கே மாட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கைப்பழக்கம் அப்படி. ஸ்டோரில் கேமராவை ஆள் முகத்துக்கு நேரே வைக்க மாட்டோம். முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? பின்னால் இருந்து தோளுக்கு மேலே வைப்போம். அப்போதுதான் கை தெரியும், கையில் இருக்கிற சரக்கு தெரியும். வீட்டிலும் அதே கணக்கில் சுமையா படிக்கிற மேஜைக்குப் பின்னால், அலமாரிக்கு மேலே மாட்டினேன். பிள்ளையின் முதுகு, தலையில் போட்ட முக்காடு, மேஜையில் விரித்த புத்தகம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பக்கம் புரள்வதுகூடத் தெரிந்தது. கேமராவிலேயே மைக்கும் ஸ்பீக்கரும் இருந்ததால் நான் இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும், அங்கே பேசினால் எனக்குக் கேட்கும்.

“பதில் பேசி நேரத்தக் கெடுக்காதம்மா. தலைய ஆட்டு, எனக்குப் புரிஞ்சிரும்” என்று சுமையாவிடம் சொல்லி வைத்தேன். அவளும் அப்போதே தலையை ஆட்டினாள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜன்னத் மட்டும், “அடுப்படிப் பக்கம் ஒன்னு மாட்டுனீங்கன்னு வைங்க, அன்னைக்கே கழத்திக் கெணத்துல போட்டுருவேன்” என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று சிரித்தேன்.

திரும்பி வந்ததிலிருந்து அதுதான் என் அன்றாடம். இங்கே டியூட்டி முடிந்து பஸ் ஏறும்போது ஊரில் சாயங்காலம் ஐந்தரை. தொழிற்பேட்டையில் இருந்து அறைக்குப் போய்ச் சேருகிறவரை டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே மகள் படிப்பதைப் பார்ப்பேன். பக்கத்து சீட்டில் இலத்தூர் அண்ணாச்சி இருப்பார். எங்கள் கம்பெனி ஃபோர்மேன். ஒரு மகன் போலீஸ், ஒரு மகன் பட்டாளம், அதனால் அவருக்கு இனி யாரையும் கண்காணிக்க வேண்டிய வேலை இல்லை. தினமும் என் ஃபோனை எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, பிள்ள படிக்காளா?” என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

3

இந்த வலைப்பூகூட சுமையாவின் யோசனைதான். ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ காலில் சொன்னாள்.

“வாப்பா, நீங்க பேசுத கதையெல்லாம் நல்லாருக்கு. எழுதுங்களேன். ஒரு பிளாக் ஆரம்பிச்சுத் தாரேன். பஸ்ல சும்மாதான வாரீங்க, அப்பம் எழுதலாம்லா?”

பிள்ளை நம்மைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஆரம்பிப்பது லேசாக இல்லை. என் பழைய கணக்குகள் எல்லாம் ஊர் நம்பரில் கிடக்கின்றன. அந்த சிம் ஜன்னத் ஃபோனில். ஓடிபி அங்கே போகும். அவள் கை கழுவி, கண்ணாடி தேடி, ஃபோனை எடுத்து எனக்கு ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி முடிப்பதற்குள் காலாவதியாகிவிடும். இங்கே விசா ஆபீஸில்கூட இத்தனை தடவை என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

எழுத உட்கார்ந்த பிறகு அடுத்த அதிர்ச்சி. எனக்குத் தமிழ் பாதிதான் மிச்சம் இருந்தது. ஸ்டோரில் கூட இருப்பவர்கள் மலையாளிகள், வெளியே எல்லாம் இந்தி, மேலிடத்தில் அரபி. சாமான் என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் ‘சாதனம்’ என்று மலையாளத்தில் எழுதியிருக்கிறேன். முதல் பதிவை வாசித்த சுமையா, “வாப்பா, நீங்க தென்காசில கெளம்பி, செங்கோட்ட தாண்டி கேரளாவுக்கே போயிட்டீங்க” என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வாசித்துத் திருத்தவில்லை, படிப்பு இருக்கிறது என்றாள். நானும் தொந்தரவு செய்யவில்லை.

செய்தியைப் பற்றி எழுதினேன். ‘குற்றாலத்தில் குளிக்கத் தடை’ என்ற ஒரே தலைப்பை வருடத்துக்கு எத்தனை தடவைதான் போடுவார்கள் என்று கேட்டிருந்தேன். குடும்பக் குரூப்பில் வருகிற வைத்தியக் குறிப்புகளைப் பற்றி, செத்துப்போனவர் குரலில் கம்ப்யூட்டர் பேசுவதைப் பற்றி எல்லாம் எழுதினேன். ஒன்றும் எடுபடவில்லை. எடுபட்டது ஒன்றே ஒன்று, கடல் தாண்டிப் பிள்ளை வளர்ப்பது எப்படி என்ற பதிவு. கேமராவை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில், ஏன் பின்னாலிருந்து மாட்ட வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தேன். மஸ்கட்டிலிருந்தும் ரியாத்திலிருந்தும் நம் ஊர் ஆட்கள் வாழ்த்தினார்கள். எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கிற புளியங்குடிக்காரர் ஒருவர், கடைக் கேமராவையே கழற்றி வீட்டில் மாட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தார். லாரியில் ஏறுகிற மூட்டையைவிடப் பையன்தான் அவருக்கு முக்கியமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

4

ரம்ஜான் முடிந்து கொஞ்ச நாளில் ஆபீஸில் கூப்பிட்டார்கள். இனிமேல் ஸ்டோர் எல்லாம் ஸ்கேனரில் நடக்கும், இருப்பை மெயின் ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். என் விசா புதுப்பிக்க வேண்டிய நேரம். அதைக் கேட்டால் ‘அண்டர் பிராசஸ்’ என்றார்கள். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த வார்த்தை வந்தால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அறையில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சியிடமும் சொல்லவில்லை. ஜன்னத்திடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டு மாடி கட்டுவது பற்றி அவள் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

அன்று பஸ்ஸில் ஃபோனைத் திறந்தேன். வழக்கம்போல முக்காடும் முதுகும் புத்தகமும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம் போலிருந்தது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

“ஏட்டி, வாப்பா ஒன்னு சொல்லுதேன். திரும்பாத. எனக்கு வேலை போயிரும் போல இருக்கு. உம்மாட்ட இப்பம் சொல்லிராத. எனக்குப் பயமா இருக்கும்மா.”

பயமாக இருக்கிறது என்று நான் இதுவரை ஒரு மனிதரிடம் சொன்னதில்லை. அங்கே எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பிறகு தலை ஆடியது. முக்காட்டு நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வது பின்னாலிருந்தே தெரிந்தது. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் சுமையா ஒன்றுமே நடக்காத மாதிரி தன் ஃபோன் கவரைப் பற்றிப் பேசினாள். ஜன்னத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. உம்மாவிடம் சொல்லாதே என்று சொன்னதற்காக முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளவில்லையே, என்ன அழுத்தமான பிள்ளை என்று நான் பிரமித்துப்போனேன். ஆண்பிள்ளை இல்லையே என்று என்னிடம் யாரும் இரக்கப்பட வேண்டாம் என்று அந்த வாரம் இங்கே எழுதினேன். ஏன் எழுதினேன் என்பது அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதன்பிறகு அடிக்கடி சொன்னேன். ஆபீஸில் இன்று என்ன சொன்னார்கள், யாருக்குக் கடிதம் கொடுத்தார்கள், எனக்கு எப்போது வரும் என்று தோன்றுகிறது, எல்லாம். ஒவ்வொரு தடவையும் தலை ஆடியது. சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கியது.

5

வியாழக்கிழமைக்கு வருகிறேன். பஸ் ஏறினேன், ஃபோனைத் திறந்தேன், மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் நல்ல சாரல் என்று குரூப்பில் வந்திருந்தது. உள்ளூர்ச் செய்திச் சேனல் ஒன்று குற்றாலத்தில் இருந்து லைவ் போடுகிறது என்று லிங்கும் வந்திருந்தது. எத்தனை வருடம் ஆனாலும் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்காமல் தென்காசிக்காரனால் இருக்க முடியாது. ஃபோன் திரையை இரண்டாகப் பிரித்தேன். மேலே அருவி, கீழே வீடு.

மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம். சற்று முன்புதான் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள், போலீஸ் கூட்டத்தை வெளியேற்றுகிறது என்று அந்தச் சேனல் பையன் மைக்கில் கத்திக்கொண்டிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் பஜ்ஜிக் கடை. கடையை ஒட்டி ரோஸ் நிற முக்காட்டில் ஒரு பெண் பிள்ளை. பஜ்ஜியைக் கடித்து, சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரித்தது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுமையா மாதிரியே இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தப் பிள்ளை இடதுகையால் மூக்கை இழுத்துத் துடைத்தது. என் மகள் சின்னதிலிருந்து அப்படித்தான் துடைப்பாள்.

கீழே பார்த்தேன். கீழேயும் என் மகள் இருந்தாள். புத்தகத்தில் ஒரு பக்கம் புரண்டது.

அண்ணாச்சியைத் தட்டி எழுப்பினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏ தம்பி, மேல நிக்கது உன் மகள்லா? அப்பம் கீழ இருக்கது யாரு?”

மேலே கூட்டம் நெரிந்தது. போலீஸ் விசில் கேட்டது. யாரோ இடித்ததில் படம் கவிழ்ந்து தரையைக் காட்டியது, அத்தோடு லைவ் நின்றுவிட்டது. நான் மைக்கை அழுத்திக் கத்தினேன்.

“ஏட்டி! யாருட்டி நீ?”

மேஜை முன்னால் இருந்த முதுகு விறைத்தது. கைகள் புத்தகத்தை மூடின. பிறகு அது மெதுவாகத் திரும்பி, கேமராவை அண்ணாந்து பார்த்தது.

பக்கத்து வீட்டு ஹசீனா. சுமையாவோடு ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளை.

6

ஜன்னத் நம்பருக்கு அடித்தேன். மணி அந்த ஹாலிலேயே ஒலித்தது. மேஜை மேல் கிடந்த ஃபோனை ஹசீனாதான் எடுத்தாள்.

“மாமா... மாமி ஃபோன வச்சிட்டுப் போயிட்டாங்க. குத்தாலத்துக்குப் போயிருக்காங்க. ரெண்டு பேரும்தான்.”

ரெண்டு பேரும்! மகள் ஏமாற்றினாள் என்றால் வயசு என்று சொல்லிக்கொள்ளலாம். என் மனைவியும் சேர்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேமரா முன்னால் உட்கார வைத்துவிட்டு, அருவி பார்க்கப் போயிருக்கிறாள். தண்ணீரோ ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது. கூப்பிட ஃபோனும் இல்லை.

“எத்தன நாளா நடக்கு இது?”

“போன சீசன்ல இருந்து மாமா. மழ இல்லாட்டா மொட்ட மாடிக்குப் போவாங்க. இல்லன்னா கடைக்குப் போவாங்க. எங்க வீட்டுல தம்பிமாரு டிவிய அலற விட்டுருதானுவ, படிக்க முடியாது. இங்கன மேஜை இருக்கு, ஃபேன் இருக்கு. சுமையா வந்து உக்காந்துக்கோன்னா. நான் படிக்கத்தான் செஞ்சேன் மாமா, சும்மா இருக்கல.”

படிக்கத்தான் செய்தாள். பதினொன்றாம் வகுப்பில் அவள்தான் முதல் மார்க். சுமையா சுமாராக வாங்கினாள். தினமும் இப்படிப் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவுதானா மார்க் என்று பேப்பர் திருத்தியவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன்.

அவர்கள் வந்து சேருகிறவரை எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பஸ் நகரவில்லை. அண்ணாச்சி, “ஒன்னும் ஆவாது தம்பி, போலீஸ் முதல்லயே வெளியேத்திருவான், என் மவனே சொல்லிருக்கான்” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஹசீனா கேமராவைப் பார்த்தபடியே நின்றாள். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு முகத்தை நான் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“மாமா, நீங்க சொன்னத நான் யாருட்டயும் சொல்லல. சுமையாட்ட கூட சொல்லல. எங்க உம்மாட்டயும் சொல்லல.”

அந்த நிமிஷம் வரை அது என் புத்திக்கு எட்டவே இல்லை. வேலை போவதை, ஆபீஸ் அவமானத்தை, பயமாக இருக்கிறது என்று சொன்னதை, எல்லாவற்றையும் நான் இந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அழுதவளும் இவள். தலையாட்டியவளும் இவள். என் மகள் அழுத்தமானவள் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. மானம் போகிறதா, உயிர் போகிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

“ஏம்மா, கேட்டதுமே நான் சுமையா இல்லன்னு சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லணும்னுதான் மாமா நெனச்சேன். சொன்னா பேச மாட்டீங்கல்லா.” முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வாப்பா சவுதில, தமாம்ல இருக்காங்க. ஃபோன்ல உம்மாட்ட மட்டுந்தான் பேசுவாங்க, அதுவும் சண்டதான். நீங்க தெனமும் சாப்பிட்டியாம்மான்னு கேப்பீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு.”

அவளை எதற்காகத் திட்டுவது? எனக்குத் தெரியவில்லை. இருட்டுவதற்குள் சாப்பிடு, படி என்று என் வாய் பழக்கத்தில் ஏதோ சொன்னது. அவளும் பழக்கத்தில் தலையை ஆட்டினாள்.

7

மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் கதவு திறந்தது. ஜன்னத் முன்னால் வந்தாள். கையில் எண்ணெய் கசிந்த பொட்டலம். பின்னால் சுமையா. சாரலில் நனைந்து, முக்காடு தோளில் கிடந்தது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன் கேட்டதில்லை, வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அவர்கள் அப்படிச் சிரிப்பதில்லை. உயிரோடு வந்துவிட்டார்களே என்று என் கண்ணில் தண்ணீர் முட்டியது, அடுத்த நொடியே ஆத்திரம் வந்தது.

ஹசீனாவின் அழுத முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூவரும் அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னத் நான் முடிக்கிறவரை பொட்டலத்தைக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள்.

“முடிஞ்சிட்டா? நாங்க என்ன மச்சான் உங்க ஸ்டோர் சரக்கா? நான் என் வீட்டுக்குள்ள நடக்க அந்த அலமாரி பக்கமா ஒதுங்கி ஒதுங்கி நடக்கேன். இங்கன இருந்து மூணு மைல்ல தண்ணி விழுது. நீங்க சின்னப் புள்ளையில மூணு வேளையும் அங்கனதான கெடந்தீங்க? இவ போயிப் பாத்தா என்ன? நான்தான் கூட்டிட்டுப் போனேன். என்னைக் கேளுங்க.”

பதினேழு வருடப் பேச்சில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நான் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்காகத்தான நான் எழுதவே ஆரம்பிச்சேன்? பிளாக் எழுதுங்க வாப்பான்னு நீதான சொன்ன?”

சுமையா தரையைப் பார்த்தாள். “எழுத உக்காந்தா கேமரா பாக்க மாட்டீங்கன்னு நெனச்சேன், வாப்பா.”

வாசிக்கிறவர்களே, இந்த வலைப்பூ பிறந்த கதை இதுதான். என்னைக் கேமராவிலிருந்து வேறு பக்கம் திருப்புவதற்காக என் மகள் கையில் கொடுத்த விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு நான் உங்களுக்குப் பிள்ளை வளர்க்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் முதுகு மட்டும்தான் தெரிகிறது என்றால், கொஞ்சம் திரும்பச் சொல்லிப் பாருங்கள்.

இதற்குள் ஹசீனா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நழுவினாள். சுமையா அவள் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, நீ ஏன் அழுத? வாப்பா ஏசுனாங்களா?”

“இல்ல. அது வேற. மாமா என்ட்ட சொன்னது.”

“என்ன சொன்னாங்க?”

ஹசீனா கேமராவைப் பார்த்தாள். சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். சுமையா ஜன்னத்தின் ஃபோனை எடுத்து என்னை வீடியோவில் கூப்பிட்டாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் கூப்பிட்டாள். திரையின் ஒரு பாதியில் அவள் முதுகு, மறு பாதியில் முகம். நான் முதுகை மூடிவிட்டேன்.

“அவட்ட என்ன சொன்னீங்க வாப்பா?”

“உன்ட்டதான்மா சொன்னேன்.”

“நான் அங்கன இல்லையே.”

அவள் குரலில் கோபத்தைவிடப் பொறாமை இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த வாப்பா தனக்குக் கிடைக்கவில்லை என்ற பொறாமை. எனக்கு அது தாங்கவே முடியவில்லை. “இப்பம் சொல்லுங்க” என்றாள். பின்னால் ஜன்னத்தும் வந்து நின்றாள். முதுகிடம் எத்தனையோ தடவை சரளமாகச் சொன்னதை, இரண்டு முகங்களைப் பார்த்துச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் சொன்னேன். வேலை இருக்காது என்றேன். எல்லாம் முடிந்துவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

ஜன்னத் வாயில் கையை வைத்துக்கொண்டாள். சுமையா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

“அப்பம் ஊருக்கு வாரீங்களா?”

“வாரேம்மா. மொத்தமா வந்துருதேன்.”

அவளுக்குப் புரியவில்லை. கிண்டல் இல்லை, கோபம் இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

“மொத்தமான்னா எத்தன நாளு, வாப்பா?”